ஹெட்விக்கின் கண்கள் யாருக்குச் சொந்தம்?

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்சன் (1828–1906) படைத்தவற்றுள் 'காட்டு வாத்து' தனித்த இடம் பெற்றது. 1884-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நூலாக வெளிவந்து, 1885 ஜனவரியில் பெர்கன் நகர அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்ற நாடகம் இது. மனிதனை வாழவைப்பது உண்மையா, அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய்யா என்னும் வினாவை எழுப்பும் படைப்பாகவே திறனாய்வாளர் பலரும் இதனைக் கண்டுள்ளனர். அக்கருத்து பிழையன்று. ஆயினும், அவ்வினாவின் நடுவே பதினான்கு வயதை எட்டும் சிறுமி ஒருத்தி மெல்ல மெல்லப் பார்வை இழந்துகொண்டிருக்கிறாள். அந்நோய் குடும்பவழி இறங்குவது என்று நாடகமே கூறுகிறது. கதையின் முடிச்சை அவிழ்க்க உதவும் ஒரு கருவி என்ற அளவிலேயே திறனாய்வுலகம் அந்நோயைப் பெரும்பாலும் கருதி வந்துள்ளது. குடும்பத்தில் இறங்கும் கண்நோயை அண்மையிலிருந்து அறிந்த ஒருவர் இதனைப் படிப்பாராயின், அவருக்கு வேறொரு நாடகமே புலப்படும். அந்த வேறு நாடகத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை இதுதான். பெரிய வணிகர் வெர்லேயும் எக்டால் என்பவரும் ஒருகாலத்தில் கூட்டாளிகள். அரசுக் காட்டில் முறைகேடாக மரம் வெட்டிய வழக்கில் எக்டால் சிறை சென்றார். வெர்லே விடுதலை பெற்றுச் செல்வரானார். எக்டாலின் மகன் யால்மாருக்கு நிழற்படத் தொழில் அமைத்துக் கொடுத்தவரும் வெர்லேயே. தம் வீட்டில் பணிபுரிந்த ஜீனா என்னும் பெண்ணை யால்மாருக்கு மணமுடிக்க வழி செய்தவரும் அவரே. அத்தம்பதியரின் ஒரே மகள் ஹெட்விக். பல்லாண்டு கழித்து ஊர் திரும்பும் வெர்லேயின் மகன் கிரெகர்ஸ், தன் தந்தைக்கும் ஜீனாவுக்கும் முன்பு தொடர்பு இருந்ததென்பதை உணர்ந்து, அவ்வுண்மையை நண்பன் யால்மாரிடம் சொல்லித் தீர்ப்பதே தன் கடமை எனக் கொள்கிறான். விளைவு: யால்மார் மகளை வெறுத்து ஒதுக்குகிறான், அச்சிறுமி தன்னையே சுட்டுக்கொண்டு மாய்கிறாள்.

இக்கதையில் கண்நோய் எங்ஙனம் பின்னப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய வெர்லேயின் பார்வை மங்கி வருகிறது. அவர் சுட்ட குறி தவறியதனாலேயே அந்தக் காட்டு வாத்து சாகாமல் காயத்தோடு தப்பி, எக்டால் வீட்டுப் பரணில் வந்து வாழ்கிறது. இரண்டாம் அங்கம் தொடங்கும்போது ஹெட்விக் விளக்கருகே, கண்களைக் கையால் மறைத்துக்கொண்டு நூல் படிக்கிறாள். தாய் அதனைத் தடுக்கிறாள். மகளின் பார்வை போய்விடும் என மருத்துவர் கூறியதை யால்மார் கிரெகர்ஸிடம் தெரிவிக்கிறான். அது பரம்பரை நோய் என்கிறான். உடனே ஜீனா இடைமறித்து, யால்மாரின் தாய்க்குக் கண் பலவீனம் இருந்தது என நினைவூட்டுகிறாள். நான்காம் அங்கத்தில் வெர்லேயும் குருடராகி வருகிறார் என்ற செய்தி வெளிப்படுகிறது. அதன்பின், முதியவர் எக்டாலுக்கு மாதந்தோறும் ஒரு தொகையும், அவர் காலத்துக்குப் பின் ஹெட்விக்குக்கு அதே தொகையும் தருவதாக வெர்லேயின் கடிதம் வருகிறது. யால்மார் இரண்டையும் கூட்டிப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறான். தன் மகள்தானா என்று மனைவியைக் கேட்கிறான். தனக்கே தெரியாது என்கிறாள் அவள்.

இவ்விடத்தில் நாடகத்தின் பாத்திரங்களும் அதனை ஆராய்ந்தவர்களுள் பலரும் ஒரே பாதையில் செல்கின்றனர். அவள் வெர்லேயின் மகளா, யால்மாரின் மகளா என்று வழக்காடுகின்றனர். சிறுமியின் கண் ஒரு சாட்சியாகிறது; பெரியவர்களின் மானத்தைப் பற்றிய வழக்கில் அது சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. அந்தக் கண்ணுக்கு உரியவளுக்கு என்ன நேரப் போகிறது என்று கேட்பார் இல்லை.

அச்சாட்சியம் செல்லுமா என்பதை முதலில் பார்ப்போம். நாடகம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. குடும்பவழி இறங்கிப் படிப்படியாகப் பார்வையைக் கவரும் நோய்களுள் இன்று மிகுதியும் அறியப்பட்டது 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' எனப்படும் விழித்திரை நோய். உலகளவில் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு; நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் அதனினும் கூடுதலாகக் காட்டுகின்றன. விழித்திரையில் மங்கிய ஒளியை வாங்கும் கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடி. பகலொளியையும் நிறத்தையும் வாங்கும் கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். இந்நோயில் முதலில் அழிவன கோலணுக்கள். ஆகவே முதல் அறிகுறி மாலைக்கண். மஃரிப் பாங்கு ஒலித்தபின் வீட்டு வாசற்படி தெரியாது. ஆனால் நண்பகலில் அதே பிள்ளை நூலிழையை ஊசியில் கோத்துவிடும். பின்னர்ப் பக்கப் பார்வை சுருங்கி, ஒரு குழாயின் வழியே பார்ப்பது போலாகிறது. இறுதியில் கூம்பணுக்களும் குன்றுகின்றன. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்த பின்னரே, மருத்துவர்கள் உயிருள்ள மனிதரின் விழித்திரையில் படியும் கருநிறத் திட்டுக்களைக் கண்டனர். இப்சன் நாடகம் எழுதிய காலத்தில் இந்நோய் குடும்பங்களில் இறங்குவது மருத்துவ உலகம் அறிந்த செய்தியே.

அது எவ்வாறு இறங்குகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1990-இல்தான் இந்நோய்க்குக் காரணமான மரபணுப் பிழையொன்று, விழித்திரையின் ஒளியுணர் புரதமாகிய ரொடாப்ஸினின் மரபணுவில், முதன்முதலாக இனங்காணப்பட்டது. இன்று பல பத்து மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன. அவை இறங்கும் வழிகள் மூன்று. முதலாவது, பெற்றோருள் ஒருவரிடமிருந்து வரும் ஒரு பிழையே போதும் என்னும் வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதிலும் சில குடும்பங்களில் நோய் ஒரு தலைமுறையைத் தொடாமல் தாண்டிச் செல்வதுண்டு. இரண்டாவது, தாய் தந்தை இருவருமே நோயின்றிப் பிழையை மட்டும் சுமந்திருந்து, இரண்டும் ஒரு பிள்ளையிடம் கூடும்போது நோய் தோன்றும் வகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்றாவது, தாய்வழிப் பால்நிறமி மூலம் ஆண்மக்களைக் கடுமையாகத் தாக்கும் வகை.

இவற்றை ஹெட்விக்கின் வழக்கில் வைத்துப் பாருங்கள். முதல் வகையாயின் நோய் வெர்லேயிடமிருந்தும் வரலாம். யால்மாரின் தாயிடமிருந்து, அவனைத் தொடாமல் தாண்டியும் வரலாம். இரண்டாம் வகையாயின் தந்தை எவராயினும் ஜீனாவும் பிழையைச் சுமந்திருக்க வேண்டும். வெர்லேயின் கண்ணை மட்டும் சுட்டுவதில் பொருளில்லை. மூன்றாம் வகையாயின் வெர்லேயின் பக்கம் ஐயம் சாயும். ஆனால் அவ்வகையில் ஒரு சிறுமி இவ்வளவு இளமையில் பார்வை இழப்பது அரிது. ஆகவே அந்தச் சாட்சியம் செல்லாது. யால்மாரின் தாயைப் பற்றிய அந்த ஒற்றைச் செய்தியை இப்சன் வேண்டுமென்றே வைத்தார். தீர்ப்புக் கூற முடியாதபடி வழக்கை அமைத்துவிட்டு, தீர்ப்புக் கூறத் துடிக்கும் மனிதர்களை அவர் நமக்குக் காட்டுகிறார். இதுவே இந்நாடகத்தின் நுட்பம்.

இதற்கு எதிர்முகமாக ஒரு குடும்ப வரலாற்றை இங்கே நினைவுகூரலாம். தென் பிரான்சில் மோன்பெலியே நகருக்கு அண்மையில் வான்டேமியான் என்றோர் ஊர். அங்கு வாழ்ந்த ழான் நூகரே என்பவர் 1637-இல் பிறந்தவர், மாலைக்கண் உடையவர். அவர்தம் வழித்தோன்றல்களிடையே அக்குறை தொடர்ந்ததை 1838-இல் கூனியே என்னும் மருத்துவர் எழுதி வெளியிட்டார். 1907-இல் ஆங்கிலேயக் கண் மருத்துவர் நெட்டில்ஷிப் அதனை விரித்து, பத்துத் தலைமுறைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட குடும்ப மரத்தை அமைத்தார். அவர்களுள் 135 பேர் மாலைக்கண் உடையோர். அவர்களுடைய குறை பிறவியிலேயே வந்து, வளராமல், இரவுப் பார்வையோடு நின்றுவிடும் வகை. 1996-இல் அதற்குரிய மரபணுப் பிழையும் கண்டறியப்பட்டது. ஊரார் நினைவும் பதிவேடுகளும் மறைக்கப்படாதிருந்தமையால் அந்தக் குடும்ப மரம் அறிவியலுக்குக் கிடைத்தது. எக்டால் வீட்டிலும் அதே வகைச் செய்தி இருந்தது. ஆனால் அங்கே அது அறிவாகாமல் குற்றச்சாட்டாயிற்று.

இனி, நாடகத்தில் உண்மையைப் பற்றிப் பேசும் இருவரைக் காண்போம். கிரெகர்ஸ் உண்மையின் தூதனாகத் தன்னைக் கருதுபவன். மருத்துவர் ரெல்லிங் அவனுக்கு எதிரானவர்; மனிதர்கள் வாழ ஒரு பொய் வேண்டும், அதைப் பறித்தால் மகிழ்ச்சியும் போய்விடும் என்பது அவர் கொள்கை. திறனாய்வாளர்களுள் கிரெகர்ஸைப் பழித்து ரெல்லிங்கின் பக்கம் நிற்பவர் பலர். நாம் இருவர் பக்கமும் நிற்க இயலாது. கிரெகர்ஸ் உண்மையைச் சொல்கிறான். ஆனால் எவருக்கு, எப்போது, எதற்காக என்று எண்ணவில்லை. ரெல்லிங் பொய்யைக் காக்கிறார். ஆனால் அப்பொய்யின் விலையைத் தருபவள் ஹெட்விக். தன் கண்ணைப் பற்றிய செய்தியை அறியாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவளே. கண்ணுக்குக் கேடு என்று பள்ளியை நிறுத்தியாயிற்று. தானே பாடம் சொல்லித் தருவதாகச் சொன்ன தந்தைக்கு நேரமில்லை. அதே தந்தை, பரணுக்குச் சென்று பொழுதுபோக்க விரும்பும்போது, நிழற்படங்களைத் திருத்தும் நுண்ணிய வேலையை அவளிடமே விட்டுவிடுகிறான்; கண் கெட்டால் தான் பொறுப்பல்ல என்றும் சொல்லிக்கொள்கிறான். பிள்ளையின்மேல் பாசம் மிக்க அந்தத் தந்தையின் பேச்சில் அவளுடைய இருள் ஓர் அழகிய சோகம். அவள் நாளை எப்படி நடப்பாள், எப்படிக் கற்பாள், எப்படி உண்பாள் என்பதற்கு அவனிடம் ஒரு திட்டமும் இல்லை.

மூன்றாவது வழியொன்றும் நாடகத்துக்குள்ளேயே உண்டு. அதைக் காட்டுபவர் ஸோர்பி அம்மையார். வெர்லேயின் இல்லத்தை நிருவகிக்கும் அவர் வெர்லேயை மணக்க இசைகிறார். இருவரும் தம் கடந்தகாலத்தை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டதாக அவர் கூறுகிறார். கணவராக வருபவர் குருடராகப் போகிறார் என்பதையும் அறிந்தே மணக்கிறார். அவர் செயலற்றுப் போகும்போது துணைநிற்பேன் என்கிறார். உண்மையின் மீது கட்டப்பட்ட இல்லறத்தைத் தேடி அலைந்த கிரெகர்ஸ், தான் வெறுக்கும் தந்தையின் வீட்டிலேயே அது அமைவதைக் காண்கிறான். இப்சனின் நகை இங்கே கூர்மையானது. அதற்குள் ஒரு பாடமும் உண்டு. ஸோர்பி அம்மையாரிடம் உண்மை மணத்துக்கு முன்பே சொல்லப்பட்டது, உரியவருக்குச் சொல்லப்பட்டது, சுமையை ஏற்கும் மனத்தோடு கேட்கப்பட்டது. எக்டால் வீட்டில் அது பதினைந்து ஆண்டுகள் பிந்தி, ஒரு சிறுமியின் தலையில் விழுந்தது.

தொலைவிலுள்ள ஒரு நாட்டின் நாடகத்தை இவ்வளவு விரித்துரைப்பது எதற்காக? நம் இல்லங்களில் இந்நாடகம் வேறு பெயர்களோடு நடப்பதனால்தான். மாலையில் தடுமாறும் பிள்ளைக்கு முருங்கைக் கீரையும் ஈரலும் கொடுக்கிறோம். அது தவறன்று; வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் உணவால் தீரும். அக்குறையைப் போக்க 1970-இல் இந்திய அரசே ஒரு திட்டம் தொடங்கிற்று. ஆனால் பரம்பரை விழித்திரை நோய் கீரையால் தீர்வதன்று. உணவு கொடுத்தும் பார்வை திரும்பாதபோது கண்ணேறு என்கிறோம், ஓதிப் பார்க்கிறோம், அடுத்தபடியாக, அது தாய்வீட்டுக் குறை என்கிறோம். மேலே கூறிய இரண்டாம் வகையில் தாயும் தந்தையும் சரிபாதி. ஒருவர் மட்டும் குற்றவாளியாவதற்கு அங்கே இடமே இல்லை. ஆயினும் யால்மார் ஜீனாவை நிறுத்திய கூண்டில் நம் வீட்டு உம்மாமார் எத்தனை பேர் நின்றிருப்பர்!

இரண்டாம் வகை நோய் உறவுமணம் மிகுந்த குடும்பங்களில் அடிக்கடி வெளிப்படுவதற்குக் காரணம் எளிது. ஒரே பாட்டனார் அல்லது பாட்டியாரிடமிருந்த ஒரு பிழை, இரு பிள்ளைகளின் வழியே இறங்கி, பேரப்பிள்ளைகள் ஒருவரையொருவர் மணக்கும்போது மீண்டும் சந்திக்கிறது. உடன்பிறந்தார் மக்களின் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. பொதுவாகப் பிறவிக் குறைகளின் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று என்றால், இத்தகைய மணங்களில் அது ஏறத்தாழ இருமடங்கு. நோய் முன்பே வெளிப்பட்ட குடும்பத்திலோ கணக்கு இதனினும் கடுமையானது. மாமி மகளையும் சாச்சா மகளையும் மணப்பது நமக்கு அனுமதிக்கப்பட்டது, கட்டாயமாக்கப்பட்டதன்று. சொத்துச் சிதறாதிருக்கவும், உறவு விடுபடாதிருக்கவும் நாம் மேற்கொண்ட வழக்கம் அது. பரிசோதனைக்கு வழியிருக்கும் இக்காலத்தில், கண்நோய் இறங்கும் குடும்பம் மருத்துவரைக் கலந்தே சம்பந்தம் பேச வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மரபியல் ஆய்வுப் பிரிவுகள் இயங்குகின்றன.

மறைப்பது இன்னொரு பெருங்குறை. பெண் பேசுவதைப் பகலில் வைத்துக்கொள்வதும், நிக்காஹ் முடியும்வரை மாலையில் வெளியே வராதிருப்பதும் கதைகளில் மட்டும் நடப்பன அல்ல. ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்ற வணிகரை நபிகள் நாயகம் (ஸல்) கண்டித்த செய்தியை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம். தானியக் குவியலுக்கு உள்ள நீதி, வாழ்நாள் முழுவதும் நீளும் மணவுறவுக்கு இல்லாமற் போகுமா? நம் திரையுலகம் இம்மறைப்பை நகைச்சுவையாக்கிற்று. 1991-இல் வந்த 'சின்ன தம்பி' திரைப்படத்தில் மாலைக்கண் உள்ள ஒருவர் அதை மறைக்கப் படும் பாட்டைக் கவுண்டமணி நடிக்க, தமிழகமே சிரித்தது. நடிப்பில் குறையில்லை. ஆனால் அந்த அரங்குகளில், விளக்கு அணைந்ததும் தம்பியின் கையைப் பற்றி இருக்கையைத் தேடிய பிள்ளைகளும் இருந்திருப்பர். மறைக்க வேண்டிய வெட்கம் என்றே அச்சிரிப்பு அவர்களுக்குக் கற்பித்திருக்கும்.

இப்சன் சிரிக்கவில்லை. அது அவருடைய பெருமை. எனினும் அவர் மீதும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஹெட்விக் தன் நோயை அறியாமலேயே இறக்கிறாள். தன் பார்வை இழப்பைப் பற்றி அவள் பேசும் காட்சி நாடகத்தில் இல்லை. அவளை இருளுக்குள் வாழவிடும் துணிவு ஆசிரியருக்கு இல்லாமற் போயிற்று. துப்பாக்கிக் குண்டு அவ்வேலையை எளிதாக்கிவிட்டது. பார்வையற்ற ஹெட்விக் இருபது வயதில் என்ன செய்திருப்பாள் என்ற வினாவை நாடகம் எழுப்பாமலே திரையை இறக்குகிறது. அவள் இறந்த ஓராண்டு கழிவதற்குள் அவளுடைய சாவு யால்மாருக்கு அழகாகப் பேசும் பொருளாகிவிடும் என்று ரெல்லிங் கணிக்கிறார். உண்மையில் அவள் உயிரோடிருந்தபோதே அவளுடைய நோய் அவனுக்கு அப்படித்தான் பயன்பட்டது. தந்தை தன் துயரத்துக்கும், கிரெகர்ஸ் தன் கொள்கைக்கும், ஆசிரியர் தம் கதைக்கும் அவளைப் பயன்படுத்திக்கொண்டனர் என்று சொன்னால் அது கடுமையாகப் படலாம், பொய்யாகாது.

அவ்வினாவுக்கு விடை கூறும் நிலையில் நாம் இருக்கிறோம். 2017 டிசம்பரில், பரம்பரை விழித்திரை நோய்களுள் ஒரு மரபணுவால் வரும் ஒரு வகைக்கு மட்டும், அமெரிக்காவில் மரபணு மருத்துவம் ஒப்புதல் பெற்றது. ஏனைய பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் மருந்தில்லை. ஆனால் மருந்தில்லை என்பதற்கு வழியில்லை என்று பொருளன்று. பிரெய்ல் எழுத்து உண்டு. எழுத்தைப் பேச்சாக்கும் கருவிகள் உண்டு. வெள்ளைக் கோலுடன் நடக்கும் பயிற்சி உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வியிலும் வேலையிலும் இடம் தருகிறது. இவற்றைப் பெறுவதற்கு முதற்படி ஒன்றே: பார்வை இன்னும் இருக்கும்போதே, பகலில் எழுத்து தெரியும்போதே, அப்பிள்ளையிடம் அவளுடைய கண்ணைப் பற்றி அவளுக்குப் புரியும் சொற்களில் பெற்றோர் சொல்லிவிடுவது.

'காட்டு வாத்து' படிக்க வேண்டிய நாடகம். குடும்பத்தில் மாலைக்கண் உள்ளோர் கட்டாயம் படிக்க வேண்டிய நாடகம் என்பேன். படிக்கும்போது ஹெட்விக் யாருடைய மகள் என்று தேடாதீர்கள். அவளிடம் யாரேனும் ஒருவர் அமர்ந்து பேசியிருக்கக்கூடிய இடங்கள் எவையெவை என்று ஐந்து அங்கங்களிலும் குறித்துக்கொண்டே செல்லுங்கள். அவை பலவாகவே இருக்கும்.